வலப்பக்கம்

பூசைக் கருத்து, அதாவது இந்தப் பூசை யாருக்காக, எதற்காக என்பதை எழுதும் நோட்டைப் பங்கு அலுவலகத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடப்பக்கம் இறந்தோர், வலப்பக்கம் நன்றியும் வேண்டுதலும். யார் வந்தாலும் ரூபாயை வாங்கி மேசை டிராயரில் போட்டபடியே, தலையைக்கூடத் தூக்காமல் "இறந்தோருக்கா, நன்றிக்கா?" என்று கேட்போம். கண்டக்டர் "எங்க இறங்கணும்?" என்று கேட்பதுபோல வாயிலிருந்து தானாக வரும் கேள்வி அது. 2017 டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு அக்காவிடமும் அதைக் கேட்டுவிட்டேன். பாதிதான் கேட்டேன், அதுவும் அந்தப் பாதி. "கிறிஸ்துமஸ் ராத்திரி பூசைக்கு, அவியளுக்கு" என்று சொல்லி நூறு ரூபாயை நீட்டினார். நான் "இறந்தோருக்கா அக்கா?" என்றேன்.

ஒக்கி புயல் போய் இருபத்திரண்டு நாள். அவருடைய வீட்டுக்காரர் போன போட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருக்கின்றன. முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வாரம் நான் செய்த ஒரே வேலை பட்டியல் அடிப்பது. டிசம்பர் முதல் வாரத்தில் திரும்பாதவர்கள் பட்டியல் நாளுக்கு மூன்று முறை மாறியது. லட்சத்தீவில் ஒதுங்கினார்கள் என்று போன் வந்தால் நாலு பெயரை வெட்டுவோம். மகாராஷ்டிராவில் தேவ்கட்டில், குஜராத்தில் வெராவலில் என்று தகவல் வந்தால் இன்னும் சில பெயர் போகும். அப்புறம், கோழிக்கோட்டில் உடல்கள் கரைக்கு வந்திருக்கின்றன, அடையாளம் பார்க்கும் டி.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க ஆள் அனுப்புங்கள் என்பார்கள். அப்போது சில பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒன்று, மீனவர் அடையாள அட்டையில் இன்னொன்று, ஊரில் கூப்பிடுவது வேறொன்று. பெலவேந்திரன் என்று பங்கில் மட்டும் நிறையப் பேர். (பெலவேந்திரர் என்று நாங்கள் சொல்லும் அந்திரேயாவின் திருநாள் நவம்பர் 30. அவரும் மீன்பிடித்தவர்தான். அன்றைக்குத்தான் புயல். இதைப் பிறகு பலர் பிரசங்கத்தில் சொன்னார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சலாக இருந்தது.) எங்கள் பட்டியலும் அரசின் பட்டியலும் ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லை. 19ஆம் தேதி பிரதமர் கன்னியாகுமரிக்கு வந்தபோது கொடுக்கும் மனுவுக்காக, முந்தின ராத்திரி விடியும்வரை உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்தோம். அதில் அந்த அக்காவின் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது. காணாமல் போனவர்கள் என்ற தலைப்பின் கீழ்தான். ஆனால் அந்தத் தலைப்பை அடித்து அடித்து, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குள் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இருபத்திரண்டு நாள் என்றால் கணக்கு தெரியாதா? அந்தக் கணக்குதான் அன்று என் வாயில் வந்தது.

இதெல்லாம் காரணம்தான். ஆனாலும் கேட்டிருக்கக் கூடாது.

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் அவியளுக்குன்னு மட்டுந்தானே சொன்னேன் மக்களே. நீ எழுதுகதப் போல எழுது" என்றார். ரூபாய்க்கு ரசீது வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். முன்முற்றத்தில் பையன்கள் குடிலுக்கு மணல் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குடிலே பெரிய தகராறுக்குப் பிறகு வந்தது. பங்குப்பேரவைக் கூட்டத்தில் பாதிப் பேர் இந்த வருடம் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். சீரியல் செட் வேண்டாம், கேரல் ரவுண்ட்ஸ் வேண்டாம், கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டாம், கேக் வேண்டாம். இதில் யாருக்கும் மறுப்பில்லை. லைட் செட்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது, அதையும் ரத்தம் கொடுக்கக் கோழிக்கோடு போகிறவர்களின் வண்டிச் செலவுக்குக் கொடுத்தோம். குடில் விஷயத்தில்தான் இழுபறி. குடிலும் வேண்டாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறியல் செய்துவிட்டு வந்த பையன்கள் அவர்கள், இன்னும் சூடு ஆறவில்லை. குடில் அலங்காரம் இல்லை, அந்தக் குடும்பமும் இடமில்லாமல் அலைந்த குடும்பம்தான் என்று பாதர் சொன்னார். கடைசியில் கோவிலுக்குள் ஒரு சின்னக் குடில், வெளியே ஒரே ஒரு ஸ்டார், அதற்கும் பல்பு இல்லை என்று முடிவானது. பல்பு இல்லாத ஸ்டார் யாருடைய யோசனை என்று ஞாபகமில்லை. பகலில் வெறும் காகிதமாகத் தொங்கும், ராத்திரியில் கண்ணுக்கே தெரியாது. நல்ல யோசனையா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆண்டு, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக்காலத்தின் நான்காம் ஞாயிறும் டிசம்பர் 24ஆம் தேதியும் ஒரே நாளில் விழுந்தன. காலையில் ஊதா உடுப்பில் காத்திருப்பின் பூசை, ராத்திரியில் வெள்ளை உடுப்பில் பிறப்பின் பூசை. இடையில் கருத்துகளை அடித்து வாசகரிடம் கொடுக்க எனக்கு ஒரு மத்தியானம்தான் இருந்தது. நோட்டைத் திறந்தேன். இடப்பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்கும் போயிருந்தது. வலப்பக்கத்தில் நாலைந்து வரிதான். வெராவலிலிருந்து உயிரோடு வந்தவரின் மனைவி கொடுத்த நன்றி ஒன்று, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் ஒன்று, அப்படி. அந்த அக்காவின் நூறு ரூபாய்க்கு நேராகப் பெயர் மட்டும் நடுக்கோட்டின் மேலேயே எழுதியிருந்தேன், எந்தப் பக்கமும் சேராமல். நோட்டில் அப்படி எழுதலாம். வாசிக்கிற தாளில் எழுத முடியாது. ஏதாவது ஒரு தலைப்பின் கீழ் வந்தாக வேண்டும்.

இடப்பக்கம் எழுத எனக்கு மனம் வரவில்லை. உடல் கிடைக்கவில்லை, பரிசோதனை முடிவு வரவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டமே ஏழு வருடம் கேட்கிறது. நான் யார் இருபத்திரண்டு நாளில் எழுத? அதுவும் கிறிஸ்துமஸ் ராத்திரியில். அதனால் வலப்பக்கம் போட்டேன். "நன்றியாகவும் வேண்டுதலாகவும்" என்ற தலைப்பின் கீழ், கடைசி வரியில், அவருடைய பெயர். அடித்து முடித்ததும் நல்ல காரியம் செய்துவிட்டதாக ஒரு திருப்திகூட வந்தது. அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வாயை விட்டதற்கு ஞாயிற்றுக்கிழமை ஈடு கட்டிவிட்டேன் என்ற திருப்தி. பாதரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் அன்று காலையிலிருந்து வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்துவிட்டேன். தொந்தரவா, இல்லை அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயமா?

ராத்திரி பதினொன்றே முக்கால் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளை மைக்கில் கருத்துகளை வாசித்தாள். இறந்தோர் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு பெயருக்கும் கோவிலின் ஏதோ ஒரு மூலையில் ஒரு முனகல் எழும், அடங்கும். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பினாள். நேரமாகிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, "நன்றியாக" என்று மட்டும் சொன்னாள். வேண்டுதல் என்ற சொல்லை விட்டுவிட்டாள். பெயர்களை வாசித்தாள். வெராவலிலிருந்து வந்தவர் பெயர். பிறந்தநாள் பிள்ளையின் பெயர். கடைசியாக அவர் பெயர், வீட்டுப்பெயரோடு.

கோவில் ஒரு நொடி மூச்சு விடவில்லை. அப்புறம் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. எல்லாத் தலையும் அந்த அக்கா இருந்த இடத்துக்குத் திரும்பியது. அவர் அசையாமல் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வரிசை பின்னால் ஒரு அம்மா எழும்பிவிட்டார். அவருடைய மகனும் அதே போட்டில் போனவன். எங்கள் ஊரிலிருந்து மட்டும் அந்தப் போட்டில் நாலு பேர். இது எனக்குத் தெரியாததா? பட்டியலில் நாலு பெயரையும் அடுத்தடுத்து அடித்தவனே நான்தான். "வந்தாச்சா? அப்போ எனக்க மவன்? எனக்க மவன் எங்கே?" என்று அந்த அம்மா கேட்டது மைக் இல்லாமலேயே கோவில் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். யாரோ காதில் ஏதோ சொன்னார்கள். அந்த அம்மா உட்கார்ந்த விதத்தை நான் எழுத விரும்பவில்லை.

பூசை தொடங்கியது. "உன்னதங்களிலே" பாட்டுக்குக் கோவில் மணியை அடித்தார்கள். மூன்று வாரமாக அந்த மணியைச் சாவுக்கு மட்டும்தான் கேட்டிருந்தோம். பாட்டுக்கு நடுவில் அழுகை கேட்டது. மணிக்காகவா, முன்னால் நடந்ததற்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் பாடகர் குழுவுக்குப் பின்னால், தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. அது தைரியம் இல்லை, நடந்து போனால் எல்லோரும் பார்ப்பார்களே என்பதுதான்.

தப்பு அந்த வாசித்த பிள்ளையுடையது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தாளில் "வேண்டுதலாகவும்" என்று தெளிவாக இருந்தது, அவள் விட்டுவிட்டாள். அந்தத் தாளை எடுத்து வைத்திருந்தேன், யாராவது கேட்டால் காட்டலாம் என்று. யாரும் கேட்கவில்லை. பாதர்கூட மறுநாள் "இனி வாசிக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒருக்கா காட்டு தம்பி" என்று சொன்னதோடு சரி. திட்டியிருந்தால் தேவலை. பதினேழு வயதுப் பிள்ளை, அவளுடைய சித்தப்பாவின் பெயரும் அந்த இடப்பக்கத்தில் இருந்தது, அதைக் குரல் உடையாமல் வாசித்துவிட்டு வந்தவள், அடுத்த தலைப்பில் ஒரு சொல்லை விட்டதற்கு அவளையா பிடிப்பது? ஒருவேளை அவள் முழுக்க வாசித்திருந்தாலும் அந்த அம்மாவின் காதில் "நன்றி" மட்டும்தான் விழுந்திருக்கும்.

நோட்டின் மேலும் பழி போட்டுப் பார்த்திருக்கிறேன். கடலுக்குப் போகிற ஊரின் கோவில் நோட்டில் மூன்றாவது பக்கம் ஒன்று எப்போதோ இருந்திருக்க வேண்டாமா? இதற்கு முன்னாலும் ஆட்கள் திரும்பாமல் போயிருக்கிறார்கள். அப்போதெல்லாம் எங்கே எழுதினார்கள்? பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். சில பெயர்கள் இரண்டு வருடம் வலப்பக்கம் வந்து, அப்புறம் சத்தமில்லாமல் இடப்பக்கத்துக்குப் போயிருக்கின்றன. எந்த நாளில், யார் சொல்லி மாறியது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. அப்படியானால் எனக்கு முன்னால் இருந்த உபதேசியாரும் நான் செய்ததைத்தான் செய்திருக்கிறார். இதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவர் அந்தக் குடும்பங்களை முப்பது வருடம் தெரிந்தவர், ஒருவேளை போய்க் கேட்டுவிட்டு எழுதியிருப்பார் என்று தோன்றும்போது அந்த ஆறுதலும் போய்விடும்.

அரசு அந்த ஏழு வருட விதியைத் தளர்த்தி, காணாமல் போனவர்கள் குடும்பங்களுக்கும் 20 லட்சம் கொடுத்தது. அதற்கான காகிதங்களில் பாதியை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான். அந்த அக்கா இறந்தவர் என்ற சொல் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். பேனாவை வாங்கினார், போட்டார், கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சரி, இனி நோட்டிலும் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2018 கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் வந்தார். அந்த வருடம் ஸ்டாருக்குப் பல்பு போட்டிருந்தோம். நூறு ரூபாயை நீட்டினார். ஒரு வருடமாக இந்த நிமிடத்துக்கு நான் தயாராக இருந்தேன். ஒன்றும் கேட்கக் கூடாது, வெறும் பெயரை எழுத வேண்டும் என்று. பேனாவை எடுத்தேன்.

"போன வருசம் எழுதினதப் போலவே எழுது மக்களே" என்றார்.

"அக்கா, அது..." என்று ஆரம்பித்தேன். "அது எனக்குத் தெரியும்" என்றார்.

நோட்டில் வலப்பக்கம் எழுதினேன். வாசிக்கிற தாளை அடிக்கும்போது அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது. அந்த அம்மா இப்போது முன் வரிசையில்தான் உட்காருகிறார். தாளில் அந்த ஒரு பெயரை மட்டும் சேர்க்கவில்லை. பாதரிடம் காட்டியபோதும் சொல்லவில்லை. கருத்து நோட்டில் இருக்கிறது, பூசைக்குப் போய்ச் சேரும், சத்தமாக வாசித்தால்தான் சேருமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ராத்திரி கருத்துகள் வாசித்து முடியும்வரை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பூசை முடிந்து எல்லோரும் குடிலைச் சுற்றி நின்றபோது, பக்கவாசல் வழியாக இறங்கிப் போய்விட்டார்.