தட்டில் கிளைக்கும் சிறுநீரகம்

சுண்டெலிக் கருவின் சிறுநீரகத்தைத் தட்டில் வளர்க்க 11.5ஆம் நாள் கரு வேண்டும். அன்று சிறுநீர்க்குழாய் மொட்டு ஒரே ஒருமுறை கவைபோலப் பிளந்திருக்கும். ஒரு நாள் முந்தினால் மொட்டு அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருக்கும். மொட்டின் தூண்டல் கிடைக்காத மெசன்கைம் (மொட்டைச் சூழ்ந்திருக்கும் தளர்வான கருத்திசு) மடிந்துவிடும்.

மெல்லிய ஊசிகளால் பிரித்த சிறுநீரக அரும்பை (மொட்டும் மெசன்கைமும் சேர்ந்த துண்டு) 0.4 மைக்ரான் துளையுள்ள வடிகட்டிச் சவ்வின் மேல் வையுங்கள். 10% கன்றுக்கரு சீரம் கலந்த வளர்ப்புத் திரவ ஊடகம், 37 டிகிரி செல்சியஸ், 5% கார்பன் டை ஆக்சைடு. ஊடகம் சவ்வின் அடியைத் தொட்டால் போதும். பெரும்பாலான தோல்விகள் இங்கேதான்: அரும்பு மூழ்கினால் ஆக்சிஜன் குறையும், மிதந்து உருளும், கிளைக்காது. சவ்வுக்கு அடியில் காற்றுக்குமிழி சிக்கினாலோ அந்த இடம் காய்ந்துபோகும்.

மெசன்கைம் சுரக்கும் ஜிடிஎன்எஃப் புரதம் மொட்டிலுள்ள ரெட் (Ret) என்ற ஏற்பியைத் தூண்டுவதால்தான் கிளைகள் பிரிகின்றன. பதிலுக்கு மொட்டு மெசன்கைமை, சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளான நெஃப்ரான்களாக மாறத் தூண்டுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை நுண்ணோக்கியில் நேராகப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய பேறு! ஆனால் குருதியோட்டம் இல்லாததால் இங்கே உருவாகும் குளோமெருலஸ் (நெஃப்ரானில் வடிகட்டலுக்கான பகுதி) எதையும் வடிகட்டாது.