தரையிலிருந்து புகை
நிக்கோடெமஸ் என்ற ஊரின் பழைய புகைப்படம் ஒன்றை இன்று பார்த்தேன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் புல்வெளி, கண்ணுக்கெட்டிய வரை மரமே இல்லை.

அடிமைமுறை ஒழிந்து 12 வருடம்கூட ஆகாத 1877-ல், சொந்த நிலம் கிடைக்கும் என்று நம்பி கென்டக்கியிலிருந்து கறுப்பின மக்கள் வந்து அமைத்த ஊர்.

அடுத்த வருடம் குடியேற வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் ஊர் எங்கே என்று கேட்க, கணவர் கை காட்டிய இடத்தில் வீடே இல்லை, தரையிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். அதைப் பார்த்து வில்லியானா அழுதுவிட்டாராம்.

அந்த அழுகை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனாலும் அவர் அந்தப் பகுதியிலேயே தங்கினார்!

சட்டம் விடுதலை தந்தது, உழ ஒரு காணி தரவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும்.

அப்புறம் 1888-ல் ரயில் பாதையும் ஊரைத் தொடாமல் போக, கடைகள் காலியாயின. வம்சாவளியினர் இன்றும் ஜூலை மாதக் கடைசியில் அங்கே கூடுகிறார்கள்.