காது மெஷின் பேட்டரிக்கு மாதம் 62 டாலர்

என் மாமனார் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்தார். நான் மதுரைக்காரி, கல்யாணமான நாளிலிருந்து அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறேன். அப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் பல வருடம் பேச்சில்லை. 2022-ல் அவருக்குப் பக்கவாதம் வந்ததே எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 2024 வசந்த காலம். மாமா ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அவருடைய பணம் ஒரு வக்கீலின் கையில் இருந்தது.

முன்னாள் படைவீரர் துறையை இங்கே எல்லோரும் வி.ஏ. என்பார்கள். உதவித்தொகை வாங்குபவரால் தன் பணத்தைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று தோன்றினால், வி.ஏ. முதலில் கடிதம் அனுப்பும். மறுப்போ ஆதாரமோ தர 60 நாள் உண்டு. மாமாவுக்கு வந்த கடிதம் பிரிக்கப்படாமல் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கடை விளம்பரத் தாள்களுக்கு அடியில் கிடந்தது. கேட்பார் இல்லாததால் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு ஃபிடூஷியரியை, அதாவது பணப் பொறுப்பாளரை, நியமித்துவிட்டார்கள். அவர்தான் அந்த வக்கீல்.

2011-ல் மாமா என் கணவருக்கு எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி எங்களிடம் இருந்தது. ஊரில் பவர் இருந்தால் நிலத்தையே விற்கலாம், இது போதாதா என்று நினைத்தேன். போதாது. உதவித்தொகையைப் பொறுத்தவரை வி.ஏ. அதை ஏற்பதில்லை, தான் நியமித்தவரிடம் மட்டும்தான் பணம் கொடுக்கும்.

இல்லத்தில் இரண்டு மாத வாடகை பாக்கி என்றார்கள். மாமாவின் ஷூ முன்பக்கம் பிளந்து, சாம்பல் நிற டேப் சுற்றியிருந்தது. 100 சதவீத ஊனத்துக்கான தொகை 2023-ல் மாதம் 3,621 டாலர் 95 சென்ட். அவ்வளவு வருகிற மனிதருக்கு ஒரு ஜோடி ஷூ இல்லையா? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஓஹையோவில் ஒவ்வொரு கவுன்ட்டியிலும் படைவீரர்களுக்கென்று ஓர் அலுவலகம் உண்டு. எங்களுக்கு உண்மையான வழி அங்கேதான் கிடைத்தது. அங்கிருந்த அம்மா முதலில் சொன்னது: "கோபமாக எதுவும் எழுதாதீர்கள். கணக்கைக் கேளுங்கள்." வி.ஏ. ஒப்புக்கொண்ட வருடாந்திரக் கணக்கின் நகலை ஃபிடூஷியரியிடம் கேட்டு வாங்க மாமாவுக்கு உரிமை இருக்கிறதாம். மாமா பெயரில், அவர் கையெழுத்தோடு மூன்று கடிதம் போட்டோம். மூன்றாவதுக்கு ஒன்பது பக்கம் வந்தது.

வரிவரியாகப் படித்தேன். மாதா மாதம் 'காது மெஷின் பேட்டரி, 62 டாலர்'. உடனே மாமாவின் மேசை இழுப்பறை ஞாபகம் வந்தது. அதில் ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டிய பேட்டரி அட்டைகள் ஒரு டஜனுக்கு மேல் இருக்கும். அத்தனையும் வி.ஏ. தபாலில் இலவசமாக அனுப்பியவை! கணக்குத் தாளில் பார்த்தால் 62 டாலர் இயல்பான செலவாகத்தான் தெரியும். இழுப்பறையைத் திறந்து பார்த்தவருக்குத்தான் அது பொய் என்று தெரியும்.

அப்புறம் மற்றதும் வெளியே வந்தது. 'உடை, காலணி, 410 டாலர்.' மாதத் தொகையில் அதிகபட்சம் 4 சதவீதம்தான் கட்டணமாக எடுக்கலாம், அதாவது 145 டாலருக்குள். வக்கீல் அதையும் எடுத்து, மேலே 'அலுவலக நேரம்' என்று தனியாகவும் எடுத்திருந்தார். பழைய பாக்கியாக மொத்தமாக வந்த தொகையிலும் 4 சதவீதம் போயிருந்தது. அதில் கட்டணம் எடுக்கவே கூடாது.

புகாரில் தேதி, தொகை, கணக்கின் வரி, பக்கத்தில் ஃபோட்டோ, இவ்வளவுதான் வைத்தோம். ஃபிடூஷியரிகளைக் கண்காணிக்கும் வி.ஏ.வின் வட்டார மையத்துக்கு அனுப்பினோம். நேரில் விசாரிக்க ஒருவர் வந்தார். ஷூவைப் பற்றி அவர் கேட்டதும், மாமா எதுவும் பேசாமல் காலைத் தூக்கிக் காட்டினார். என் கணவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

முறைகேடு நடந்தது என்று வி.ஏ.விடமிருந்து எழுத்தில் முடிவு வந்தது. மறுபரிசீலனை கேட்க வக்கீலுக்கு 30 நாள் கொடுத்தார்கள், பதவி போய்விட்டது. 11,340 டாலரை வி.ஏ. மாமாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. தனி ஒருவர் ஏமாற்றினால், வி.ஏ.வின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் பணம் கிடைக்கும் என்று முன்பு பெரும்பாலும் இருந்தது. 2021 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றியது. பணம் போய்விட்டதே என்று விட்டுவிட்டவர்கள் தயவுசெய்து மறுபடி கேளுங்கள்.

வக்கீலுக்குப் பதில் ஒரு நிறுவனம் பார்த்திருந்தால் நடந்திருக்காது என்றும் சொல்ல முடியவில்லை. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் படைவீரர்கள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களின் பணத்தை நிர்வகித்த ஒரு லாபநோக்கற்ற அமைப்பு, ஒரு கோடி டாலருக்கு மேல் சுருட்டியது. அதன் தலைவிக்கு 2021-ல் 47 வருடச் சிறை.

இப்போது என் கணவர்தான் ஃபிடூஷியரி. குற்றப் பின்னணி, கடன் வரலாறு எல்லாம் பார்த்துத்தான் நியமித்தார்கள். கட்டணம் எடுப்பதில்லை. வங்கிக் கணக்கு தனி. எங்கள் பணம் ஒரு டாலர்கூட அதில் கலக்கக் கூடாது. சோஷியல் செக்யூரிட்டி, அதாவது அரசு ஓய்வூதியப் பணத்துக்கு வேறு மனு, வேறு நியமனம். அதை நாங்கள் ஏறக்குறைய மறந்தே போனோம்.

வக்கீல் மீதான குற்ற விசாரணை இன்னும் நடக்கிறது. ரசீதுகளை மாமாவின் பழைய காபி டப்பாவில் போட்டு வைக்கிறேன். முதல் ரசீது ஷூவுக்கு, 84 டாலர்.