மிட்மார் அணை வழியுது, கிளம்பு!

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் மாமா போனில் சொன்னது அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே டர்பனில் மினிபஸ் டாக்சி ஏறிவிட்டோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை மலிவுதான், ஆனால் ஆள் நிரம்பினால்தான் வண்டி நகரும். அங்கிருந்து, அணைக்குப் பக்கத்து ஊரான ஹோவிக்குக்குப் பேசிய கார்க்காரர் பாதி வழியில் ரேட்டை ஏற்றி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கறந்துவிட்டார். பட்டப்பகல் கொள்ளை! அன்றைய சாப்பாட்டுப் பணம் அதிலேயே போயிற்று. நல்லவேளை, ஒரு பீன்ஸ் பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவது) வாங்கினால் இரண்டு பேர் சாப்பிடலாம். குழம்பு ஊறிய அந்த ரொட்டிக்கு ஈடே கிடையாது.

சரி, அணைக்கு வருவோம். மிட்மாரின் கொள்ளளவு சுமார் 23.5 கோடி கன மீட்டர், நம்மூர்க் கணக்கில் 8 டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல். மேட்டூரின் 93.47 டிஎம்சிக்கு முன்னால் சின்னதுதான். ஆனால் மேட்டூர் மாதிரி மதகைத் திறந்துவிடும் வேலை இங்கே இல்லை. நிரம்பினால் தண்ணீர் தானாகவே சுவர் மேல் வழிகிறது. என்ன வேகம், என்ன இரைச்சல்! அந்தத் தண்ணீர்தான் உம்ங்கேனி ஆற்றில் ஓடி, ஹோவிக்கில் 95 மீட்டர் அருவியாக விழுந்து, ஆல்பர்ட் ஃபால்ஸ் என்ற அணை ஏரிக்குப் போகிறது.

ஆல்பர்ட் ஃபால்ஸ் பாடுதான் திண்டாட்டம். மிட்மாருக்கு மழை குறைந்தாலும் மூயி ஆற்றிலிருந்து பம்ப் செய்து தண்ணீர் கொண்டுவரலாம். அதற்காகவே 2013-ல் ஸ்பிரிங் குரோவ் அணை வந்தது. கீழே இருக்கும் ஏரிக்கோ மிட்மார் வழிய வேண்டும், கார்க்லூஃப் ஆற்றில் வரத்து இருக்க வேண்டும். வரத்து நின்றாலும், டர்பன் குடிநீருக்காக அங்கிருந்து நாகல் அணைக்குத் திறந்துவிட்டே ஆக வேண்டும். அப்புறம் ஏரி வற்றாமல் என்ன செய்யும்? 2015, 2016 வறட்சியில் தான் பார்த்த வெடித்த சேற்றைப் பற்றிச் சொல்லும்போது மாமாவுக்குக் குரலே இறங்கிவிட்டது.

டர்பனில் மழை கொட்டுகிறதே என்று கிளம்பாதீர்கள், அது வேறு மழை. மலைப்பக்கம் பெய்ய வேண்டும். அதிலும் முதல் மழையைக் காய்ந்த மண்ணே குடித்துவிடும். ஜனவரிக்கு மேல், வாராந்தர அணை நிலவரத்தில் மிட்மார் 100 சதவீதத்தைத் தாண்டியதும் போங்கள். அணைப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அருவியை ஊருக்குள்ளிருந்தே இலவசமாகப் பார்க்கலாம்.