கிளட்ச் ஃபுளூயிட் கசிவு: மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை

திம்பம் மலையிலிருந்து பைக்கில் இறங்கும்போதுதான் முதலில் தெரிந்தது. 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியிருப்பேன், கிளட்ச் லிவர் கைப்பிடியைத் தொடுகிற அளவுக்கு உள்ளே போய்விட்டது. நாலு முறை பம்ப் அடித்தால் பிடிப்பு வரும்; அடுத்த வளைவில் மறுபடி போய்விடும். பண்ணாரியில் நிறுத்தியபோது நியூட்ரல் விழவே இல்லை. இன்ஜினை அணைத்துத்தான் கியரை எடுத்தேன்.

ஊரில் ஒரு மெக்கானிக், "மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சுங்க தம்பி, முழுசா மாத்திரலாமுங்க" என்றார். திறந்துகூடப் பார்க்கவில்லை. லிவரைப் பிடிக்கும்போது ஃபுளூயிட்டைக் கீழே தள்ளும் பாகம் அது. அதன் விலை ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கே கசிகிறது என்று தெரியாமல் எதையும் மாற்ற எனக்கு மனசு வரவில்லை. வண்டியைத் தோட்டத்துச் சாளையில் நிறுத்தி, அடியில் அட்டை விரித்தேன்.

முதலில் மேலே ஃபுளூயிட் டப்பாவைப் பார்த்தேன். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. பிரேக்கில் பேட் தேயத் தேய அளவு இறங்குவது இயல்பு. ஹைட்ராலிக் கிளட்ச்சில் பெரும்பாலும் இது தலைகீழ்: பிளேட் தேய்ந்தால், கிளட்ச்சைத் தள்ளித் திறக்கும் கம்பியான புஷ்ராடு, கீழே ஃபுளூயிட்டின் அழுத்தத்தை வாங்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை உள்ளே தள்ளும், அளவு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆக, இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

மறுநாள் காலையில் அட்டையில், முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்கு நேர் கீழே, ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம். அப்பா குனிந்து பார்த்து, "சங்கிலிக்கு அடிச்ச ஆயில் சொட்டறாப்பல இருக்குது கண்ணு" என்றார். நியாயமான சந்தேகம்தான். ஸ்லேவுக்குப் பின்னால் புஷ்ராடு சீல் போனால் இன்ஜின் ஆயிலும் அதே இடத்தில்தான் வரும். மூடியின் அடியில் தொங்கிய சொட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டேன். இன்ஜின் ஆயில் என்றால் மேலே மிதக்கும். இது கரைந்துபோனது. டாட் 4 தான், பிரேக்குக்கும் இந்தக் கிளட்ச்சுக்கும் ஊற்றும் அதே ஃபுளூயிட்.

இரண்டாம் ஞாயிறு. லிவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்தேன், காய்ந்த தூசி மட்டும். மாஸ்டர் சிலிண்டர் குற்றவாளி இல்லை! ஹோஸ் முழுக்கத் துடைத்து, ஹோஸை ஸ்லேவில் இறுக்கும் பேஞ்சோ போல்ட்டைச் சுற்றியும் ஸ்லேவ் மேலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். வண்டியை ஓட்டாமல், நின்றபடியே ஐம்பது முறை லிவரைப் பிடித்து விட்டேன். ஓட்டினால் காற்று ஈரத்தைப் பின்னால் தள்ளிவிடும், ஊற்றுக்கண் தெரியாது. போல்ட்டைச் சுற்றிப் பவுடர் அப்படியே இருந்தது. ஸ்லேவ் உடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மெல்லிய ஈரக்கோடு. பிஸ்டன் சீல்!

ஸ்லேவைக் கழற்றி, அடியில் கிண்ணம் வைத்து, லிவரை மெதுவாக அழுத்தி பிஸ்டனை வெளியே எடுத்தேன். சும்மா கழற்றி வைத்திருக்கும்போது யாராவது லிவரைப் பிடித்தாலும் இதே கதிதான், அதனால் பக்கத்தில் பிள்ளைகளை விடவில்லை. உள்ளே சங்கிலி அழுக்கும் கறுத்த ஃபுளூயிட்டும் கலந்து களிம்பாக இருந்தது. சிலிண்டர் சுவரை நகத்தால் தடவினேன். குழி எதுவும் தட்டவில்லை. தட்டியிருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை.

கோயமுத்தூரில் ஒரு ஆயில் சீல் கடையில் அதே அளவில் ஒன்றை உடனே எடுத்துக் கொடுத்தார்கள். நைட்ரைல் ரப்பர் என்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்ஜின் ஆயிலுக்கு அது அருமை; பிரேக் ஃபுளூயிட்டில் ஊறிப் பெருத்துவிடும். இந்த வண்டிக்கான சீல் கிட் வர சில நாள் ஆனது.

மூன்றாம் ஞாயிறு மாட்டினேன். கிரீஸ் தொடவில்லை, புது டாட் 4 தடவி, சீலின் உதடு ஃபுளூயிட் பக்கம் பார்க்க வைத்தேன். பேஞ்சோவுக்குச் செம்பு வாஷர்கள் புதுசு. ஏர் எடுப்பதுதான், அதாவது ஹோஸுக்குள் மாட்டிய காற்றை வெளியேற்றுவதுதான், பொறுமையைச் சோதித்தது. மேலிருந்து எவ்வளவு அடித்தும் லிவர் பஞ்சாகவே இருந்தது. கடைசியில் சிரிஞ்சால் கீழே ஸ்லேவில் ஏர் எடுக்கும் நிப்பிள் வழியாக ஃபுளூயிட்டை ஏற்றினேன். குமிழி மேலே போவதுதானே இயல்பு. டப்பாவில் ஐந்தாறு குமிழி வெடித்தது, லிவர் கெட்டியானது.

இதுவரை சத்தியமங்கலம் போய் வந்தது உட்பட 180 கிலோமீட்டர். அட்டை காய்ந்தே இருக்கிறது. பழைய கசிவு தின்ற பெயின்ட் மட்டும் ஸ்ப்ராக்கெட் மூடியில் உரிந்து நிற்கிறது. அதை அடுத்த வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.