வாஷர் மாற்றிய நாளும் கண்ணில் விட்ட சொட்டு மருந்தும்

ஆறு மாதமாக வீட்டில் எது கழன்றாலும் ஆள் கூப்பிடாமல் முதலில் நானே செய்து பார்ப்பது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு கதவுக் கைப்பிடி, திரைச்சீலைக் கம்பி, ஒரு ஸ்விட்ச் போர்டின் மூடி (மூடி மட்டும்தான், வயரில் கை வைக்கவில்லை). இந்த முறை சமையலறைக் குழாய்.

ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடு, இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடு என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் கைப்பிடியை இரண்டு கையாலும் திருக வேண்டிய நிலை. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து போய் 200 மில்லி கப் ஒன்றை அடியில் வைத்து நேரம் பார்த்தேன். 40 நிமிடத்தில் நிறைந்துவிட்டது. மணிக்கு 300 மில்லி, ஒரு நாளைக்கு 7 லிட்டருக்கு மேல். சத்தம்தான் தொந்தரவு என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அதற்குப் பிறகு தூக்கமே போய்விட்டது.

எனக்கு விடுப்பு கிடைத்த ஒரே நாளில்தான் ரத்தப் பரிசோதனை, சர்க்கரைக்காக வருஷா வருஷம் செய்துகொள்ளும் விழித்திரைப் பரிசோதனை, மாத்திரை வாங்குவது எல்லாமே இருந்தது. நடுவில் குழாயையும் முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். வேலை எல்லாமே முடிந்தது, அதில் குறை இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில்தான் கோட்டை விட்டேன்.

காலை ஆறு மணி, வெறும் வயிறு. பழைய வாஷரைக் கையோடு கொண்டுபோனால்தான் கடையில் சரியாக வாங்க முடியும் என்று குழாயை அப்போதே கழற்றினேன். சிங்க்குக்கு அடியில் இருக்கும் வால்வு முழுக்க மூடவில்லை, லேசாகக் கசிந்தது. மாடிக்குப் போய்த் தொட்டியிலிருந்து சமையலறைக்கு வரும் கேட் வால்வை அடைத்துவிட்டு வந்தேன். சிங்க் ஓட்டையில் ஒரு துணியைத் திணித்தேன். இது முந்தைய அனுபவம், ஒரு ஸ்க்ரூ ஏற்கெனவே அந்த வழியாகப் போயிருக்கிறது. கைப்பிடியைக் கழற்றி, நட்டை ஸ்பேனரால் திருகியதும் ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியோடு சேர்ந்து திரும்பும் தண்டு, முழுசாக வெளியே வந்தது. அதன் அடியில் ஜம்பர் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு, அதன் முகத்தில் வாஷர்.

அந்த வாஷரைப் பார்த்ததும்தான் இத்தனை நாள் செய்த தப்பு புரிந்தது. கறுப்பு ரப்பர், நடுவில் ஓட்டை, அதைச் சுற்றி நகம் இறங்கும் ஆழத்துக்கு வட்டமாக ஒரு பள்ளம். குழாயின் உள்ளே தண்ணீர் வரும் வாயின் விளிம்பு ரப்பரில் அப்படியே பதிந்திருந்தது. சொட்டும்போதெல்லாம் இறுக்கி இறுக்கி மூடியதில் பள்ளம் ஆழமாகி, அதனால் இன்னும் சொட்டி, அதனால் இன்னும் இறுக்கி... சரி. ஸ்பிண்டிலையும் வாஷரையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பரிசோதனைக் கூடத்தில் வெறும் வயிற்று ரத்தம் எடுத்துவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொன்னார்கள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கு, சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து இல்லை. சாப்பிட்டேன், நேரத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் சும்மாவா இருப்பது? ஹார்ட்வேர் கடைக்கு நடந்தேன்.

அரை இன்ச் குழாய்க்கு வாஷர் என்று கேட்டேன். இந்த அரை இன்ச் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்: குழாயில் ஸ்கேல் வைத்து எங்கே அளந்தாலும் அரை இன்ச் வராது. அது பைப்பைக் குறிக்கும் பெயர். மரையின் வெளிவிட்டமே கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் இருக்கும். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் என் பழைய வாஷரை அதன் மேல் வைத்துப் பார்த்து, இது சின்னது, எனக்குப் பெரியது வேண்டும் என்றேன். ஒரு தரம் என்னைப் பார்த்தார், பெரியதைக் கொடுத்தார்.

திரும்ப வந்து காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து, மடியில் ஸ்பிண்டிலை வைத்துக்கொண்டு மாட்டிப் பார்த்தால் ஜம்பரின் விளிம்புக்குள் உட்காரவே மாட்டேன் என்கிறது. பக்கத்து இருக்கைப் பெரியவர் இதென்ன மருத்துவக் கருவி என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வாஷர் வருஷக்கணக்காக அழுத்தம் வாங்கி நசுங்கி விரிந்து போயிருக்கிறது, அந்த விரிந்த அளவைத்தான் நான் அளவு என்று நம்பியிருக்கிறேன். அளவு பார்க்க வேண்டியது ஜம்பரை. மறுபடி கடைக்கு நடை. அவர் ஒன்றும் பேசாமல் முதலில் எடுத்ததையே எடுத்துக் கொடுத்தார். பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டாவது ரத்தம் எடுக்கும்போது அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, இவ்ளோ நேரம் உட்கார்ந்துதானே இருந்தீங்க?"

இரண்டு தரம் கடைக்குப் போய்வந்ததைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சீட்டில் ஏதோ குறித்தாள். நடந்தால் தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதனால் எண் குறைவாகக் காட்டலாம், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள் என்றாள். கூடவே எச்பிஏ1சி எடுத்திருப்பதால் கவலை இல்லையாம். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்து இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடுவார்கள். கடைக்கு இரண்டு நடை போனதெல்லாம் அதில் தெரியாது. நான் மூன்று மாதமாகச் சாப்பிட்டது தெரியும்.

கண் மருத்துவமனைக்கு நேரமாகிவிட்டது என்று படியேறி ஓடிய வேகத்தில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், 148/92. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தபோது 132/84. அப்புறம் கண்ணில் சொட்டு மருந்து. விடும்போது சுரீர் என்று எரியும், அரை மணி நேரத்தில் பாவை விரிந்துவிடும், உள்ளே விழித்திரையை டாக்டர் நன்றாகப் பார்க்கலாம். எனக்குப் பிரச்சினை இல்லை என்றார், அந்த மட்டும் நிம்மதி. ஆனால் அந்த மருந்து கிட்டத்துப் பார்வைக்குக் குவியவைக்கும் தசையையும் தளர்த்திவிடும். நான்கைந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது, வெளிச்சம் கூசும். ஒவ்வொரு வருஷமும் அனுபவிப்பதுதான், ஒவ்வொரு வருஷமும் மறந்துவிடுகிறேன். கறுப்புக் கண்ணாடிகூட எடுத்துப் போகவில்லை. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வண்டி பிடித்தேன்.

வழியில் மருந்துக்கடை. இதைக் காலையிலேயே முடித்திருக்க வேண்டும். அட்டையில் இருந்த எழுத்து எல்லாமே எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் என் பையன் (பதின்மூன்று வயசு) எடுத்துப் படித்துவிட்டு, "அம்மா, உனக்கு மெட்ஃபார்மின் ஐந்நூறுதானே? இதுல ஆயிரம்னு போட்டிருக்கு" என்றான். மறுநாள் மாற்றி வாங்கினோம். கடையில் தவறாகக் கொடுத்தார்கள் என்பது ஒரு பக்கம், படிக்க முடியாத கண்ணோடு மாத்திரை வாங்கியது என் பக்கம்.

சாயங்காலம் நான்கு மணி. கண் தெளியும்வரை குழாயைத் தொடாமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் காலையிலிருந்து சமையலறைக்குத் தண்ணீர் இல்லை, சிங்க்கில் பாத்திரம் மலையாகக் கிடந்தது. பாத்திரங்களை ஓரம் கட்டிவிட்டு, பையனை டார்ச் பிடிக்கச் சொன்னேன். டார்ச் வெளிச்சம் பட்டதும் கண் கூசி ஒன்றுமே தெரியவில்லை, அணைக்கச் சொன்னேன். விரல்தான் மிச்சம்.

ஜம்பரின் சின்ன நட்டைத் தடவிக் கழற்றி, புது வாஷரை வைத்து, மறுபடி முடுக்கினேன். மாட்டுவதற்கு முன்னால் குழாயின் உள்ளே ஆள்காட்டி விரலை விட்டு அந்த வாயின் விளிம்பைச் சுற்றித் தடவினேன். ஏன் தடவினேன் என்றால் வேறு வழி இல்லை, பார்க்க முடியாதே. வழவழ என்று போய்க்கொண்டே இருந்த விரல் ஓர் இடத்தில் சட்டென்று தடுக்கியது. அரிசி நுனி அளவுக்கு ஒரு பொத்தல். மறுபடி சுற்றினேன், அதே இடம். காலையில் நல்ல கண்ணோடு, நல்ல வெளிச்சத்தில் குனிந்து பார்த்தபோது இது என் கண்ணில் படவே இல்லை, உள்ளே உப்புப் படிந்து எல்லாமே வெள்ளையாக இருந்தது. சீட் (வாஷர் வந்து உட்காரும் அந்த விளிம்புக்கு அதுதான் பெயர்) இப்படி அரித்துப் போயிருந்தால் எந்தப் புது வாஷரும் அங்கே முழுசாக அடைக்காது, சீக்கிரம் கிழியும். அதற்கு சீட் கட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது, விளிம்பைச் சீவிச் சமமாக்கும். என்னிடம் இல்லை. உப்பு மட்டும் போகட்டும் என்று வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் திணித்து வைத்துத் துடைத்தேன்.

பிறகு ஸ்பிண்டிலை மாட்டினேன், நட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. இறுக்குகிறேன், இறுக்குகிறேன், போகவில்லை. மரை தவறி ஏறிவிட்டதோ என்று பயம் வேறு. பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ மூடின மாதிரியே வெச்சு மாட்டுற. திறந்து வெச்சுட்டு மாட்டு" என்றான். அதேதான். ஸ்பிண்டில் கீழே இறங்கிய நிலையில் இருந்தால் வாஷர் முதலிலேயே சீட்டில் முட்டிக்கொள்ளும், நட்டு உட்கார இடம் இருக்காது. கைப்பிடியைப் பாதி திறந்த நிலைக்குத் திருப்பியதும் நட்டு வெண்ணெய் மாதிரி இறங்கியது.

மாடி வால்வைத் திறந்துவிட்டு வந்தால் சொட்டு நின்றிருந்தது, ஆனால் குழாயைத் திறக்கும்போது கைப்பிடிக்கு அடியில் ஸ்பிண்டிலைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. அது வேறு கணக்கு, உள்ளே சுற்றியிருக்கும் அடைப்புத் தேய்ந்திருக்கிறது. டெஃப்லான் டேப்பை நூல் மாதிரி முறுக்கி ஸ்பிண்டிலைச் சுற்றி நாலைந்து சுற்று, மேலே இருக்கும் நட்டை லேசாக ஒரு முடுக்கு. ரொம்ப இறுக்கினால் கைப்பிடி திருக வராது. நின்றது.

ராத்திரி கண் தெளிந்த பிறகு தொங்கிக்கொண்டிருந்த அலமாரிக் கதவையும் சரிசெய்தேன். கீல் ஸ்க்ரூவின் ஓட்டை பெரிசாகிப் பிடிமானம் போயிருந்தது. மருந்து உடைத்த தீக்குச்சி மூன்றை மரப்பசையில் தோய்த்து ஓட்டையில் அடித்து, காய்ந்ததும் நீட்டியதை வெட்டிவிட்டு அதே ஸ்க்ரூவைத் திருகினேன். இதில் சொல்ல ஒன்றும் இல்லை, பசை காய மறுநாள் வரை பொறுத்ததுதான் கஷ்டம்.

குழாய்க்கு அடியில் பழைய கப்பையே ராத்திரியில் வைத்து வருகிறேன். முதல் மூன்று நாள் காலையில் பார்த்தபோது காய்ந்து கிடந்தது. நான்காம் நாள் அடியில் ஒரு ஸ்பூன் அளவு தண்ணீர். எந்த இடத்திலிருந்து வருகிறது என்று விரலுக்குத் தெரியும். சீட் கட்டர் இரவலாகக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அதுவரை யாரும் இறுக்கி மூடக்கூடாது என்று குழாய்க்கு மேலே சீட்டு ஒட்டியாயிற்று. எழுத்து பெரிதாக இருக்கிறது.