வாளியில் இருந்த பெயரும் முதுகில் எழும்பிய தடிப்பும்

கொழும்பில் எபொக்சி தரை போடும் வேலையில் இருக்கிறேன். ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டு சாமான்களைக் கலந்து ஊற்றி இறுக வைக்கும் தரை அது. கார்மென்ட் ஃபேக்டரி, மருந்துக் களஞ்சியம், சூப்பர்மார்க்கெட்டின் பின்பக்கம் என்று கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தரைகளைப் பார்த்திருப்பீர்கள். ரத்மலானை, பியகம, பேலியகொடைப் பக்கம் அவற்றில் சிலவற்றை ஊற்றியது எங்கள் கோஷ்டிதான். கையில் சொறி வந்தால் "வரும், போகும், கணக்கெடுக்காதே" என்பதுதான் பழைய பாஸ்மாரின் (கைதேர்ந்த மூத்த தொழிலாளிகளின்) வைத்தியம். எனக்கு வந்தது போகவில்லை. அதற்குக் காரணமான சாமானின் பெயரைக் கண்டுபிடித்து, அதைக் கடிதத்தில் எழுதி வாங்கி, வேலையில் இடம் மாறும் வரை நடந்ததை எழுதுகிறேன். இதே வேலையில் இருக்கும் யாருக்காவது அலைச்சல் குறையும்.

முதலில் விரலிடுக்கில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். பிறகு கிளவுஸ் முடிகிற இடத்தில், மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். அதுவரை நானும் கணக்கெடுக்கவில்லை. ஒருநாள் காலை கண்ணிமை இரண்டும் வீங்கி, கண்ணைத் திறக்கவே கஷ்டமாகிவிட்டது. ரெசின் கையில் பட்டிருக்கலாம், கண்ணில் எப்படிப் பட்டது? மாமி யாழ்ப்பாணத்து ஆள். "தம்பி, இது கிரந்தி. கத்தரிக்காயையும் இறாலையும் விட்டுப் பாருங்கோ" என்றார். விட்டேன். அன்னாசியையும் விட்டேன். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். பாமசியில் ஒரு கிறீம் தந்தார்கள். பூசினால் அடங்கும், அடுத்த ஊற்றலுக்குப் போனால் திரும்ப எழும்பும். சித்திரைப் புத்தாண்டு லீவில் மட்டும், எதுவும் பூசாமலே, கத்தரிக்காய்ப் பால்கறியும் சாப்பிட்டுக்கொண்டே, தோல் சுத்தமாகிவிட்டது. சாப்பாட்டைச் சொல்லிப் பயனில்லை என்று அப்போது விளங்கியது.

கொட்டாஞ்சேனையில் வழமையாகக் காட்டும் டொக்டர் "கெமிக்கல் அலர்ஜி" என்று ஒரு துண்டு எழுதித் தந்தார். அதை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "எந்தக் கெமிக்கல் தம்பி? சிமெந்தும் கெமிக்கல்தானே" என்றார். கோபம் வந்தாலும் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. எங்களிடம் ரெசின் உள்ள ஏ வாளி, ஹார்ட்னர் உள்ள பி வாளி, கலர் பேஸ்ட், ப்ரைமர், தின்னர், கிளவுஸின் ரப்பர் என்று எத்தனையோ இருக்கின்றன. சிமெந்தும் சும்மா ஆள் இல்லை. அதில் உள்ள குரோமேட்டால் மேசன்மாரின் கை வெடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதை விலக்குவது என்று தெரியாமல் எந்த முதலாளியும் ஆளை இடம் மாற்ற மாட்டார்.

அந்த டொக்டரிடமே கடிதம் வாங்கிக்கொண்டு ஓர் அரச ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போனேன். விடியவே போய் நம்பர் எடுத்து, வாங்கில் உட்கார்ந்து, மதியம் ஆகும்போதுதான் என் முறை. அங்கே இருந்த டொக்டர் கையைப் பார்க்கும் முன்பே வேலையைப் பற்றிக் கேட்டார். அரைவாசி சிங்களத்திலும் அரைவாசி தமிழிலும் பேச்சு. எந்தக் கையால் கலக்குகிறாய், கை கழுவுவது எதால், லீவில் குறைகிறதா? தின்னரால் கழுவுகிறோம் என்றதும் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தின்னர் தோலில் இருக்கிற எண்ணெயை எடுத்துவிடும், அதன் பிறகு ரெசின் உள்ளே போவது இன்னும் சுகம் என்றார். எங்கள் கோஷ்டியில் தின்னரால் கை கழுவாத ஆள் கிடையாது.

அப்புறம், "பாவிக்கிற சாமான்களின் சேஃப்டி டேட்டா ஷீட்டைக் கொண்டு வா, பேட்ச் டெஸ்ட்டுக்குத் திகதி போடுகிறேன்" என்றார். எந்தச் சாமானுக்கு அலர்ஜி என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் டெஸ்ட் அது.

சாமானில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று எழுதியிருக்கும் இந்த டேட்டா ஷீட்டுக்குத்தான் அதிகம் அலைந்தேன். ஸ்டோர்காரர் இல்லை என்றார். ஒஃபிஸில் இருந்த பிள்ளை விற்பனைப் பிரசுரத்தை பிரிண்ட் எடுத்துத் தந்தார். அதில் பளபளப்பும் நிறங்களும் மட்டும்தான். கடைசியில், சாமான் இறக்குகிற கம்பனியின் சேல்ஸ் தம்பிக்கு வாளி லேபலைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றைக்கே இரண்டு பீடிஎஃப் வந்தன. ஆங்கிலத்தில் 16 பிரிவுகள். பயப்படத் தேவையில்லை, எங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான்: 2ஆம் பிரிவில் ஆபத்து, 3இல் என்னென்ன கலந்திருக்கிறது, 8இல் என்ன கிளவுஸ். ரெசினில் பிஸ்பீனால் ஏ டைகிளைசிடைல் ஈதர். ஹார்ட்னரில் ஐசோபொரோன் டைஅமீன். இரண்டுக்கும் நேரே எச் 317 என்று ஒரு குறியீடு. தோலில் அலர்ஜி உண்டாக்கலாம் என்று அர்த்தம். லேபலிலும் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் ஆச்சரியக்குறியோடு அதே வரி பொடி எழுத்தில் இருந்தது. அந்த வாளிகளைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உட்கார்ந்துதான் நாங்கள் பிளேன்டீ குடிப்போம்.

டெஸ்ட்டுக்குப் போகும் நாள் காலையில் எங்கள் பாஸ் ஒரு ஜாம் போத்தலில் ஹார்ட்னரை ஊற்றித் தந்து, "இதையும் ஒட்டிப் பார்க்கச் சொல்லடா" என்று அனுப்பினார். டொக்டர் மூடியைத் திறக்கவே விடவில்லை. கலக்காத ஹார்ட்னர் தோலைச் சுட்டுவிடும், இல்லாத அலர்ஜியைப் புதிதாக உண்டாக்கினாலும் உண்டாக்கும் என்றார். டெஸ்ட்டுக்கு வைக்கிற எபொக்சி ரெசின் வாஸ்லினில் 1 வீதம் மட்டும்தான் கலந்தது. யாராவது உங்களிடம் "கையில் கொஞ்சம் தடவிப் பாரேன்" என்றால் கேட்காதீர்கள்.

டெஸ்ட் என்றால் ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதும் இல்லை. சட்டைப் பொத்தான் அளவுக்குச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சாமான். அவற்றை வரிசையாக பிளாஸ்டரில் வைத்து மேல்முதுகில் ஒட்டுவார்கள். 48 மணித்தியாலம் அப்படியே இருக்க வேண்டும். பிறகு கழற்றி ஒரு தடவை பார்ப்பார்கள், 96 மணித்தியாலத்தில் இன்னொரு தடவை. இந்த அலர்ஜி உடனே எழும்பும் வகை அல்ல, இரண்டு மூன்று நாள் எடுத்து எழும்பும்; அதனால்தான் இவ்வளவு காத்திருப்பு. ஸ்டீரொயிட் குளிசை குடித்திருக்கக் கூடாது, முதுகில் கிறீம் பூசியிருக்கக் கூடாது. கடிக்கு (அரிப்புக்கு) குடிக்கிற சாதாரணக் குளிசை பரவாயில்லையாம்.

முதுகு நனையவும் கூடாது, வியர்க்கவும் கூடாது. கொழும்பில் வியர்க்காமல் இருக்கச் சொல்வதை என்னவென்று சொல்ல! நர்ஸ் மிஸ் மிகச் சாதாரணமாகச் சொன்னார், "நல்லா ஃபேனுக்குக் கீழே இருங்க." பஸ்ஸில் சீட்டில் சாயாமல் வந்தேன். வீட்டில் குப்புறப் படுக்கை. குளிப்புக்குப் பதிலாக, மனைவி ஈரத்துணியால் கை காலைத் துடைத்துவிடுவார். ஒட்டிய மறுநாள் இரவே ஓரிடத்தில் கடிக்கத் தொடங்கியது. சொறியக் கூடாது என்பதால், சுவரில் முதுகை வைத்துவிடுவேனோ என்ற பயத்தில் கதிரையின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போவதை நினைத்தும் பார்க்க முடியாது. லீவுக் கடிதத்தை கிளினிக்கிலேயே கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் யாரும் தர மாட்டார்கள்.

பிளாஸ்டரைக் கழற்றியபோது இரண்டு இடம் சிவந்திருந்தன. அடுத்த பார்வையில் ஒன்று காணாமல் போய்விட்டது. மற்றது தடித்து, மேலே பொடிக் கொப்புளங்களோடு நின்றது. மறைந்தது வெறும் எரிச்சல், வளர்ந்ததுதான் அலர்ஜி என்று டொக்டர் விளக்கினார். வளர்ந்த இடத்தில் வைத்திருந்தது எபொக்சி ரெசின். இரண்டு பிளஸ், அதாவது பலமான அலர்ஜி, என்று கொப்பியில் எழுதினார். ஹார்ட்னரில் இருந்த அமீன் அங்கே வைத்திருந்த தொகுதியில் இல்லை. அதனால் கடிதத்தில் ரெசினின் பெயரைத் தெளிவாக எழுதி, ஹார்ட்னரையும் தவிர்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தார்.

இனி இது மாறுமா என்று கேட்டேன். மாறாது. உடம்பு ஒருதரம் அடையாளம் பிடித்துவிட்டால் துளி பட்டாலும் போதும். இமையின் தோல் மெல்லியது, கலக்கும்போது காற்றில் வருவதும் கையிலிருந்து படுவதும் அதற்குப் போதும். மணமே இல்லாத, சொல்வென்ட் (தின்னர் மாதிரிக் கரைப்பான்) இல்லாத எபொக்சி வந்த பிறகு "இது சேஃப்" என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மணம் தின்னருடையது, அலர்ஜி ரெசினிலிருந்து வருவது. சொல்வென்ட் இல்லாததில் சின்ன மூலக்கூறு ரெசின்தான் நிறைய. தோலுக்குள் சுலபமாக நுழைவதும் அதுதான். முழுதாகக் காய்ந்து இறுகிய தரையால் பிரச்சினை இல்லை, அதில் நடக்கலாம். சரியாக இறுகாததை மிஷினால் தேய்க்கும்போது பறக்கும் தூசுதான் கூடாது.

கிளவுஸ் கதையும் உண்டு. ரப்பர் லேடெக்ஸ் இதற்குச் சரிவராது, மெல்லிய நைட்ரைல் கொஞ்ச நேரம்தான் தாங்கும். பல அடுக்கு பிளாஸ்டிக் ஃபில்ம் கிளவுஸை உள்ளே போட்டு, மேலே தடித்த நைட்ரைல் போடச் சொன்னார். நல்லதுதான், ஆனால் கலந்த எபொக்சி எங்கள் வெயிலுக்கு அரை மணிக்குள் வாளியிலேயே சூடாகி இறுகத் தொடங்கும். அந்த அவசரத்தில் கிளவுஸ் கிழிந்தால் யார் நின்று மாற்றுவது?

கடிதத்தோடு திரும்பவும் முதலாளியிடம் போனேன். இந்தமுறை "எந்தக் கெமிக்கல்" என்று கேட்க இடமில்லை. "நீ நாள் சம்பள ஆள்தானே" என்று ஆரம்பித்தார். நான் அவருடைய ஊழியர் என்பதற்கு ஆதாரமாக ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டிய துண்டு என் கையில் இருந்தது. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் ஏற்கெனவே விசாரித்திருந்தேன். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்கு மட்டுமல்ல, அட்டவணையில் உள்ள தொழில்சார் நோய்களுக்கும் பொருந்தும். அதைச் சண்டை பிடிக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்துவிட்டு, "சரி, கிரைண்டிங் பக்கம் போ" என்றார். நட்டஈடு நான் கேட்கவில்லை, வேலைதான் தேவைப்பட்டது.

இப்போது கொங்கிரீட் தரையைத் தேய்ப்பது, ஈரம் அளப்பது, அளவெடுப்பது என் வேலை. ஊற்றும் நாளுக்குரிய மேலதிகக் காசு இல்லை, அது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. கை ஆறிவிட்டது. பக்கத்து அறையில் அவர்கள் கலக்கும்போது நின்று கதைத்தால் மறுநாள் இமை சொல்லிவிடும்.

கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. திகதி கிடைக்கும்போது தோல் ஆறியிருக்கும், அதனால் எழும்பியிருக்கும்போதே ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். வாளி லேபலின் படம், டேட்டா ஷீட்டின் பிரிண்ட், ஈபிஎஃப் துண்டு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். கடிதத்தில் "கெமிக்கல்" என்று மட்டும் எழுதியிருந்தால், மேசையை விட்டு எழும்ப முதலே சாமானின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.